அக்காள் முகர்ந்த கை

“…மூணும் ஒண்ணாத்தான் இருக்கு மாப்ளே. ஜில்லுனு இருக்கு, நாக்குல முள்ளு மாதிரி குத்துது, அவ்வளவுதான் லா. இதுல எது நல்லது, எது கெட்டுப்போனதுன்னு நான் எதை வெச்சு சொல்றது?”

பிரான்சு தேசத்தில், ஷாம்பெயின் செய்கிற வட்டாரத்தில், நிறையப் படிகள் இறங்கிப்போன ஒரு சுண்ணாம்புக் குகைக்குள் நின்றுகொண்டு என் மச்சான் இதைச் சொன்னார். அவர் முன்னால் கவிழ்த்துப்போட்ட மரப்பீப்பாய். அதன்மேல் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். மூன்றிலும் வெளிறிய பொன்னிறத்தில் ஒயின், அடியிலிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்த குமிழிகள். சுற்றிலும் கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் ஐந்தாறு பேர், எங்கள் பழைய துரை உட்பட, மச்சானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றில் ஒரு கோப்பை இன்று மலேசியாவில், கேமரன் மலைப் பிரிஞ்சாங்கில் என் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

மச்சான் என்றால் என் அக்காள் கணவர். ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் டீமேக்கர். அது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையிலிருந்து வருகிற கொழுந்தை வாட்டி, உருட்டி, குளிர்ந்த அறையில் பரப்பிவைப்பார்கள். பச்சை இலை மெல்ல மெல்லச் செம்புக் காசு நிறத்துக்கு மாறும். புல் வாடை போய், பழுத்த பழத்தின் வாசம் எழும்பும். அந்த வாசம் எழும்பிய கையோடு இலையை அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் தேத்தண்ணி கசக்கும். கொஞ்சம் பிந்தினால் புளித்துப்போகும். மழை நாளில் ஒரு நேரம், வெயில் நாளில் ஒரு நேரம். கடிகாரம் சொல்லாது, நிறமும் சில நாள் ஏமாற்றும். மூக்குதான் சொல்லும். “டீமேக்கர்னா ஒரு மூக்குடா தம்பி. மிச்ச உடம்பு, அந்த மூக்கத் தூக்கிக்கிட்டு நடக்குறதுக்கு” என்பாள் என் அக்காள். அவள் சொல்லிவைத்த சொற்களை எழுதிவைத்திருந்தால் ஒரு நோட்டு நிரம்பியிருக்கும். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். காதால் பிடித்துவைத்ததுதான் என் படிப்பு.

மச்சான் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். பழைய டீமேக்கர் ஓய்வு பெற்றபோது, ஆங்கிலம் படித்த ஆளை வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்றுதான் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி முதற்கொண்டு எல்லோரும் சொன்னார்கள். துரை கேட்கவில்லை. கண்ணைக் கட்டி நான்கு கிண்ணத்தில் தேத்தண்ணி கொடுத்து, எந்த மலைக் கொழுந்து என்று கேட்டார். மச்சான் நான்கையும் சொல்லிவிட்டு, “நாலாவது கிண்ணத்த வெங்காயம் உரிச்ச கையால கழுவியிருக்காங்க சார்” என்றும் சொன்னார். அன்றே வேலை அவருக்கு. நான் அப்போது துரை பங்களா டிரைவர். வாசலில் நின்று இதைப் பார்த்தேன். மச்சானுக்கு அதன்பிறகு ஒரு நடை வந்தது. நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, காற்றைக் கேட்டுக்கொண்டே போகிற மாதிரி.

எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஒரு கெட்ட காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தார். எழுந்தபோது மூக்கு போயிருந்தது. சளி என்று ஒரு வாரம் நினைத்தார், ஒரு மாதம் நினைத்தார். சோற்றுக்கும் குழம்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. எரிகிற சாம்பிராணிக்கு மேல் முகத்தை வைத்தால் கண்தான் கலங்கியது. இதை அவர் சொன்னது ஒரே ஒரு ஆளிடம், என் அக்காளிடம். டீமேக்கருக்கு மூக்கு போயிற்று என்று பேக்டரியில் தெரிந்தால் அவர் மறுபடியும் மண்வெட்டியோடு மலைக்குப் போக வேண்டும். அதைவிட, தன்னை நம்பிய துரையின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரை அரித்தது.

அக்காள் கொழுந்து எடுப்பவள். மதிய நிறுவைக்குக் கூடையோடு பேக்டரி வாசலுக்கு வருவாள். கையில் அவருக்குச் சோற்றுத் தூக்குச்சட்டி. பரப்பிவைத்த இலையில் ஒரு பிடி எடுத்து, கையை மூடிக்கொண்டு மச்சான் வெளியே வருவார். அவளுக்கு இடது பக்கமாக நின்று அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டித் திறப்பார். அவள் குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். இன்னும் பதம் வரவில்லை என்றால், “சோறு கொதியா இருக்கு, ஆறட்டும்” என்பாள். பதம் வந்துவிட்டால், “சாப்பிடுங்க” என்பாள். அவ்வளவுதான். அவர் உள்ளே போய் அடுப்புக்கு அனுப்பச் சொல்லுவார்.

பங்களாக் காரிலிருந்து பேக்டரி லோரிக்கு மாறியிருந்த நான், பெட்டி ஏற்றிக்கொண்டே இதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி கொஞ்சல் என்று நினைத்தேன். “கல்யாணமாயி இருவது வருஷம் ஆச்சு, இன்னும் கைய மோந்து பாத்துக்கிட்டு! வெக்கமா இல்ல?” என்று கத்துவேன். “உங்க மச்சான் கையில பூப் பூக்குதுடா, உனக்கென்ன வயித்தெரிச்சல்?” என்பாள். கூடை இறக்குகிற பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். மச்சான் மட்டும் சிரிக்கமாட்டார். அதையும் நான் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது, அதற்கும் அப்போது அர்த்தம் புரியவில்லை. அக்காள் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். பூ வைப்பதில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே இருந்தவள் அதையும் விட்டாள். பக்கத்து வாசமெல்லாம் இலை வாசத்தைத் தின்றுவிடுமாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லயத்தில் பெண்கள், “டீமேக்கர் பொண்டாட்டிக்கு எண்ணெய்க்குக்கூட வக்கில்லையா?” என்று சாடையாகப் பேசினார்கள். ஒரு தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து மல்லிகை வாசத் தலையெண்ணெய் வாங்கிவந்து கொடுத்தேன். மூடியைத் திறக்காமலே சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எனக்குக் கோபம். இரண்டு மாதம் அவள் வீட்டுக்குப் போகவில்லை.

துரை நாட்டைவிட்டுப் போகிற வருஷம் எங்கள் தோட்டத்துத் தேயிலை மிகவும் பெயர் வாங்கியது. காலைப் பெரட்டில், வேலைக்கு நிற்கிற எல்லோர் முன்னாலும், துரை மச்சானின் தோளில் கை போட்டு, “இந்த பேக்டரிக்கு மூக்கு இவன்தான்” என்று தமிழில் சொன்னார். அப்போதெல்லாம் தோட்டத்துத் துரைமார் தமிழ் கற்றுக்கொண்டுதான் வருவார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையில் மூன்றாவதாக, சாக்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற என் அக்காளும் தட்டினாள். முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். துரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யாரென்று தெரிந்திருக்காது.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். அக்காளுக்கு அட்டை கடித்த காலில் புண். ஏற்கெனவே இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இருந்த உடம்பு. தோட்டத்தில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெஸர் ஒரு களிம்பு கொடுத்தார். அதன் வாடை மூன்று வீடு தள்ளி வரும். அவள் அதைப் பூசவில்லை. வெறும் தண்ணீரில் கழுவி, துணி சுற்றி, ரப்பர் பூட்ஸுக்குள் காலை மறைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். கூட நிற்கிறவர்கள் மூக்கைச் சுளித்தால், “பூட்ஸு நாத்தம்டி” என்று சொல்லித் தள்ளிப்போய் நின்றாள். பிள்ளை இல்லாத வீடு. வீட்டில் இருந்த ஒரே ஆளுக்கு மூக்கு இல்லை. கொழுந்து குமியும் பருவம் முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஒருநாள் நிறுவையில் விழுந்துவிட்டாள். என் லோரியில்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பூட்ஸைக் கழற்றியபோது நான் வெளியே ஓடினேன். மச்சான் அசையாமல் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, “வீட்டுல ஒருத்தருக்குமா நாத்தம் தெரியல?” என்றார். திட்டவில்லை, நம்பமுடியாமல் கேட்டார். அந்தக் கேள்வி மச்சான் காதிலும் விழுந்தது.

மூன்றாம் நாள் அக்காள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சொன்னாள். “அவருக்கு மூக்கு இல்லடா. கை நீட்டுவாரு. நீ போயி நில்லு. மருந்துக் களிம்பு பூசுனா எல வாசம் எனக்குத் தெரியாமப் போயிரும்னுதான் பூசல. அவருகிட்டச் சொல்லாத, மனசு ஒடஞ்சிருவாரு.” மச்சான் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று நான் கேட்கவில்லை. அவள் போனபிறகு பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த அந்தப் போத்தலைத் திறந்து தலை நிறைய எண்ணெய் வைத்தார்கள். லயம் முழுக்க மல்லிகை வாசம். மச்சான் என் கையைப் பிடித்து, “எப்படி இருக்கு மாப்ளே?” என்று கேட்டார். “நல்லா இருக்கு மச்சான்” என்றேன்.

அதன்பிறகு பேக்டரி வாசலில் அந்தக் கைக்கு முன்னால் நான் குனிந்தேன். நான் சிகரெட் பிடிக்கிறவன். விட்டுப் பார்த்தேன், முழுசாக விட முடியவில்லை. என் மூக்கு முக்கால் மூக்கு. தேயிலை இறங்கிக்கொண்டே போயிற்று. இருவருக்கும் தெரியும், பேசிக்கொள்ள மாட்டோம்.

இந்த நேரத்தில்தான் துரையிடமிருந்து கடிதம். துரைசானி பிரெஞ்சுக்காரி. ஓய்வுக்குப் பிறகு அவர்கள் அவள் ஊரிலேயே குடியேறிவிட்டார்கள். அவள் தம்பி குடும்பத்துக்கு ஷாம்பெயின் நிலவறை இருந்தது. ‘எல்லோரிடமும் உன் மூக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து பார்க்க வேண்டும். டிரைவரையும் அழைத்துக்கொண்டு வா’ என்று எழுதி, இரண்டு விமானச் சீட்டு அனுப்பியிருந்தார். மச்சான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தார். ஐந்தாம் நாள், “போகலன்னா ஏன்னு கேப்பாரு. போனா நீ இருக்க” என்றார். கிளம்பினோம்.

ரயிலடியில் துரை நின்றிருந்தார். இளைத்து, கூன் விழுந்து, கையில் தடியோடு. எங்களைக் கட்டிப்பிடித்து, “என் தமிழெல்லாம் போச்சு” என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். வா, போ, சீக்கிரம் என்ற மூன்று சொல்தான் மிச்சமாம். எங்கள் இருவருக்கும் அப்பாடா என்றிருந்தது. எங்கள் ஏற்பாட்டுக்கு அது தோதாகப் போயிற்று.

தினம் மதியம் அவர் எங்களை ஒயின் கடைகளுக்கு அழைத்துப்போவார். கடை என்றால் நம் ஊர்க் கள்ளுக்கடை மாதிரி இல்லை. சின்னச் சின்ன மேசை, துடைத்துத் துடைத்து மினுங்குகிற கோப்பை, ஒரு மடக்குக்கு ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர்கள். மூக்கைக் கோப்பைக்குள் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் நிற்பார்கள். நான் முதலில் முகர்ந்துவிட்டு, கர்ச்சீப்பால் வாயைத் துடைக்கிற சாக்கில், “சுட்ட ரொட்டி மச்சான்” என்பேன். அல்லது, “நம்ம ஊரு கியா பார்ம் ஸ்ட்ராபெரி, கொஞ்சம் அழுகுனது.” மச்சான் மீசையைத் தடவி, மேற்கூரையைப் பார்த்து, நீளமாக மூச்சு இழுத்து, “டோஸ்ட், சார்” என்பார். கடைக்காரம்மா கை தட்டுவாள். டீமேக்கர்கள் வழக்கப்படி ‘சர்ர்’ என்று உறிஞ்சி, ஓர் எட்டுத் தள்ளியிருந்த வாளிக்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் துப்புவார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். “குடிக்கமாட்டேன்னு உங்கக்காகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். துப்புறது சத்தியத்துல வராது லா” என்றார். நாங்கள் சிரித்தோம். அவள் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்தக் கடைகளில்தான். துரை மட்டும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

கடைசி நாள் நிலவறை. அதற்கு முந்தின நாள் மழையில் நனைந்து எனக்குச் சளி பிடித்துவிட்டது. காலையில் எழுந்தபோது இரண்டு துவாரமும் அடைப்பு. மச்சானிடம் சொன்னேன். “பரவால்ல, சும்மா பாத்துட்டு வந்துரலாம்” என்றார்.

படி இறங்க இறங்கக் குளிர். வெள்ளைச் சுவரில் கை வைத்தால் ஈரம். மச்சான் சட்டென்று நின்று, “நம்ம எல அறை மாதிரியே இருக்கு மாப்ளே” என்றார். ஆயிரமாயிரம் போத்தல்கள் மரச்சட்டத்தில் தலைகீழாகச் செருகியிருந்தன. ஒரு கிழவர் இரண்டு கையாலும் இரண்டிரண்டு போத்தலாகப் பிடித்து, கால் திருப்பு திருப்பிக்கொண்டே போனார். தினமும் இப்படித் திருப்பினால்தான் கசடு கழுத்துக்கு இறங்குமாம். எத்தனை வருஷமாக என்று மச்சான் கேட்கச் சொன்னார். துரை கேட்டுச் சொன்னார், முப்பத்தைந்து. மச்சான் அந்தக் கிழவருக்கு இரண்டு கையும் கூப்பினார்.

அப்போதுதான் துரைசானியின் தம்பி மூன்று கோப்பையைக் கொண்டுவந்து பீப்பாய்மேல் வைத்தார். ஒன்றில், கார்க் கெட்டுப்போய் நாற்றமடித்த ஒயின். பின்னால் நின்ற ஒரு பெண், கோப்பைகள் தன்னைத் தாண்டும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தம்பி, கேமரனிலிருந்து வந்த மூக்குக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஏதோ சொல்லிச் சிரித்தார். துரை, வேண்டாம், களைத்திருக்கிறார்கள் என்று இரண்டு தடவை தடுத்தார். தம்பி கேட்கவில்லை. மச்சான் மூன்றையும் எடுத்து முகர்ந்தார், உறிஞ்சினார், துப்பினார். என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன். அப்போது சொன்னதுதான் முதலில் எழுதியது. எது நல்லது, எது கெட்டுப்போனதுன்னு நான் எதை வெச்சு சொல்றது?

அதோடு நிறுத்தவில்லை. “கெட்டுப்போனது எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்கக்கா ஏன் செத்தா? ஒரே பாயில படுத்திருந்தேன் மாப்ளே. கால் அழுகிப்போயி பக்கத்துலயே கெடந்தா. எனக்காகத்தான் அவ மருந்து பூசல. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். இவங்களுக்குச் சொல்லு. மூக்கு அவளோடதுன்னு சொல்லு. எனக்கு இனிமே முடியல.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் என்னால் முடிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். மூன்றும் அருமையாக இருக்கிறதாம், இவ்வளவு நல்ல இடத்தில் நல்லது கெட்டது என்று பிரிக்க மனம் வரவில்லையாம், என்று. துரை தடியைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“வேணாம் டிரைவர்” என்றார் தமிழில். “நான் கேட்டேன். மொத நாளு கடையில, சுட்ட ரொட்டி, அப்பவே கேட்டேன். தமிழ் போகல. திரும்பி வந்திடுச்சு.”

தூரத்தில் அந்தக் கிழவர் போத்தல் திருப்புகிற சத்தம் கேட்டது. துரை மச்சான் பக்கம் திரும்பி, “நான் இருக்கும்போதேயா?” என்று கேட்டார். “ஆமாங்க சார். கடைசி மூணு வருஷம்.” “அந்த அம்மாவ எனக்குத் தெரியுமா?” “தெரியாதுங்க. ஒம்பதாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்தவ. பெரட்டுல நின்னு கை தட்டுனா.” துரை தொப்பியைக் கழற்றினார். “பேரு என்ன?” என்றார்.

மச்சான் அவள் பெயரைச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “இந்தா” என்பார், “புள்ள” என்பார். அந்தப் பெயர் சுண்ணாம்புச் சுவரில் போய்த் திரும்பிவந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை.

ஊர் திரும்பிய வாரத்திலேயே மச்சான் பேக்டரிக்குப் போய் உள்ளதைச் சொல்லி வேலையை விட்டுவிட்டார். கொஞ்ச காலம் என்னோடு இருந்தார். துரை அனுப்பிவைத்த அந்தக் கோப்பையைத் தினமும் துடைப்பார். பிறகு அவரும் போனார், துரையும் போனார். இன்று அந்த மலைமேல் கண்ணாடி போட்ட தேத்தண்ணிக் கடை இருக்கிறது. கார் காராக வருகிறார்கள், கோப்பைக்குள் மூக்கை விட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சிகரெட்டை அடியோடு விட்டுப் பல வருஷமாகிறது. இப்போது எனக்கு எல்லா வாசமும் தெரிகிறது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் அந்தக் கோப்பையைப் பார்க்கும்போது நான் நினைப்பது இதையெல்லாம் அல்ல. பெயரைச் சொன்னபிறகு மச்சான் செய்ததைத்தான். மூன்று கோப்பையையும் பார்த்தார். நடுவில் இருந்ததை எடுத்து, வலது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். விரல்களை மூடினார். இடுக்கு வழியாகச் சொட்டு விழுந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் ஓர் எட்டு இடதுபக்கமாக நகர்ந்து நின்று, வெறும் சுவர் இருந்த அந்தப் பக்கத்தில், அவள் முகம் வருகிற உயரத்துக்குக் கையை நீட்டி, மெல்லத் திறந்தார்.